குடும்பப் பெயர்

முப்பத்தோராம் திகதிக்குள் சொல்லவேண்டும்:
இந்த வருடம் எத்தனை கட்டுரை,
எத்தனை மேற்கோள்,
உலகத் தரவரிசையில் நாங்கள் எங்கே நிற்கிறோம்.
நூலகத்தின் மூன்றாம் மாடியில்
ஏசி ஒழுகும் மூலைக்கு வாளியை நகர்த்திவிட்டு
எக்செல் தாளைத் திறக்கிறேன்.

நுண்ணுயிரியலில் ஓர் ஆள் குறைகிறது.
திலகேஸ்வரி என்று தட்டினால்
பூச்சியம்.
வெள்ளவத்தைக் கால்வாயோரம் இருபத்திரண்டு வருடம்
போத்தலும் கயிறுமாய் நின்றவர்.
எந்த மருந்துக்கும் மசியாத கிருமியொன்றை
அந்தத் தண்ணீரில் கண்டு எழுதியவர்.
பூச்சியம்.

ஆனால், நல்லைநாதன், தி. என்றொருவர் இருக்கிறார்.
பதினொரு கட்டுரை, நூற்றி நாற்பது மேற்கோள்.
இருபது வருடமாய் இங்கே வேலை செய்கிறேன்,
இந்த மனிதரை நான் கண்டதேயில்லை.

"அது என்ரை அப்பா," என்றார் தொலைபேசியில்.
"தெமட்டகொட ரயில் ஷெட்டிலை
எஞ்சினுக்கு எண்ணெய் விட்டவர்.
சஞ்சிகைக்காரன் குடும்பப் பெயர் கேட்டான்.
பெட்டியை நிரப்பாட்டி அடுத்த பக்கம் போகாது.
வேறை என்ன செய்ய?"

பக்கத்து மேசை நிலூக்காவின் குடும்பப் பெயர்
மூன்று வரி ஓடும், எந்தப் பெட்டிக்குள்ளும் அடங்காது.
எங்களுக்கோ
முன்னால் ஓர் எழுத்து,
அதற்குள் தகப்பன், காலடியில் ஒரு புள்ளி.
அவ்வளவுதான் குடும்பம்.

சாவோ பாலோவில் எவரோ எழுதுகிறார்:
நல்லைநாதன் முதலானோர் நிறுவியபடி.
டாக்காவில் ஒரு மாணவி:
நல்லைநாதனின் முறையைச் சற்று மாற்றி.
எட்டாம் வகுப்போடு நின்றவர்,
முதல் கட்டுரை அச்சாகிய மாசி மாதம் செத்தவர்,
நகத்துக் கறையோடு
உலகம் சுற்றிக்கொண்டிருக்கிறார்.

கலியாணத்துக்குப் பிறகு அருளம்பலம், தி.
பத்தொன்பது கட்டுரை, முந்நூற்றுச் சொச்சம்.
அருளம்பலத்தை எனக்குத் தெரியும்.
பம்பலப்பிட்டியில் காப்புறுதிக் கம்பனி.
"சாக்கடைத் தண்ணிக்கும் ஒரு கலாநிதிப் பட்டம்" என்று
பட்டமளிப்புத் தேநீரில்
எல்லோரும் சிரிக்கச் சொன்னவர்.
போன கிழமை வியட்நாமில் இரண்டுபேர்
அவரை ஆமோதித்திருக்கிறார்கள்.

புதன்கிழமை வந்தார், குடை சொட்டச் சொட்ட.
திரை கேட்டது:
இவர்கள் ஒரே ஆளா? ஆம். இல்லை.
அருளம்பலத்துக்கு
நான் வாசித்து முடிக்க முன்னமே
ஆம்.
நல்லைநாதனில் மௌஸ் நின்றுவிட்டது.

"இதை அழுத்தினால் அவர் இல்லாமல் போயிடுவாரோ?"
"கட்டுரையிலை பேர் இருக்கும் மிஸ்.
எண்ணிக்கை மட்டும் உங்களுக்கு வரும்."
"அவருக்கு எச் இன்டெக்ஸ் எவ்வளவு?"
"ஆறு."
"ஆறு," என்றார்,
பிள்ளையின் பரீட்சை முடிவைக் கேட்டவர்போல.

பத்தை எடுத்துக்கொண்டார், ஒவ்வொன்றாய்.
பேராசிரியர் பதவிக்கு அவை வேண்டும்.
பதினொன்றாவதை விட்டார்.
இதுவரை ஒருவரும் மேற்கோள் காட்டாத,
எங்கள் பல்கலைக்கழகமே அச்சிட்ட நாலு பக்கம்:
ரயில் ஷெட்டின் பின்வடிகாலில்
எண்ணெய் தின்று வாழும் பக்டீரியா.
"போத்தலை இறக்கினது அவர்தான்.
நான் கரையிலை மூக்கைப் பொத்திக்கொண்டு நிண்டனான்."

விதிப்படி இது பிழை.
பட்டியலில் ஒரு வரி குறையும்.
மேலிடத்துக்கு இருபத்தொன்பது என்று அனுப்பிவிட்டு
நிரம்பிய வாளியைக் கொண்டுபோய் ஊற்றினேன்.

தை மாதம் அவர் எனக்கொரு மின்னஞ்சலை
அப்படியே திருப்பி அனுப்பியிருந்தார்.
மாண்புமிகு பேராசிரியர் நல்லைநாதன் அவர்களே,
உங்கள் அரிய ஆய்வைக் கண்டு வியந்தோம்,
பிராக் நகர மாநாட்டில் தலைமையுரை ஆற்ற
அன்புடன் அழைக்கிறோம்,
விமானச் செலவு தங்களுடையது.

கீழே அவர் போட்ட பதில், ஒரே வரி:
அப்பாவிடம் ரயில் பாஸ்தான் இருக்கிறது.